முன் ஷாக் குத்துகிறதா? ஆயில் மட்டத்தை வீட்டிலேயே அளக்கலாம்

மேலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஏழு வருடம் ஓடிய 125 சிசி வண்டி. விடியற்காலையில் மாட்டுத்தாவணிக்குப் பூ கொண்டுபோகிறேன். வேகத்தடையில் இறங்கினாலும் முன் பிரேக்கைப் பிடித்தாலும் முன்பக்கம் 'டொக்' என்று குத்துகிறது. முன் ஷாக் ஃபோர்க்கை செட்டாக மாற்றணும், ஆறாயிரம் ஆகும் என்கிறார் மெக்கானிக். ஆயில் மட்டும் மாற்றினால் போதாதா? நானே அளந்து ஊற்ற முடியுமா?"

முடியும். முதலில் இரண்டு சோதனை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சீட்டில் ஓர் ஆளை உட்கார வைத்தால் முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஃபோர்க்கின் கீழ் முனையைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். கழுத்தில் லொடலொடவென்று ஆடினால் சத்தம் கோன் செட்டில் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) இருந்து வருகிறது. ஃபோர்க்கைத் தொடவே வேண்டாம். அடுத்து, ஃபோர்க் பைப்பைத் துடைத்துவிட்டுப் பத்து முறை அமுக்குங்கள். பைப்பில் எண்ணெய் வளையம் படிந்தால் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீல் போய்விட்டது. அதை மாற்றாமல் ஆயில் ஊற்றினால் ஓட்டைக் குடத்தில் ஊற்றியது போலத்தான். வழிகிற ஆயில் பிரேக்கில் பட்டால் ஆபத்து வேறு.

இரண்டு சீலும் ஒரு பாட்டில் ஆயிலும் வாங்க ஆறாயிரம் எதற்கு? செட்டாக மாற்றினால் மெக்கானிக்குக்கு சீல் கழற்றும் வேலை மிச்சம். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கமிஷனும் உண்டு. பைப் வளைந்திருந்தாலோ, துருப்பிடித்து சீலைக் கிழித்தாலோ மாற்றத்தான் வேண்டும், அதுவும் பைப்பை மட்டும். "எங்கே வளைந்திருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

அதைவிட மோசம், மேல் மூடியைத் திறந்து பழைய ஆயிலோடு புதுசைக் கொஞ்சம் விட்டு, 'ஃபோர்க் சர்வீஸ்' என்று பில் போடுவது. என் வண்டிக்கே இது நடந்திருக்கிறது. காசு கொடுத்து எடுத்துவந்த ஒரு வாரத்தில் சந்தேகப்பட்டுப் பிரித்தேன். ஃபோர்க்கின் ஒரு காலில் தண்ணீர் கலந்து பருத்திப்பால் நிறத்தில் ஏதோ வந்தது. இன்னொரு காலைக் கவிழ்த்தால் இரண்டு ஸ்பூன்கூட இல்லை.

சரி, ஏன் மட்டம் முக்கியம்? சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கினால் கடைசி ஓர் அங்குலம் கல்லாக இருக்கும் இல்லையா? ஃபோர்க்கிலும் ஆயிலுக்கு மேலே காற்று நிற்கும் இடம் அப்படித்தான். அது அதிகமானால் அடியில் போய்க் குத்தும். குறைந்தால் கல்லாக இறுகும், சீலைப் பிதுக்கித் தள்ளும். பைப்பின் உள் விட்டம் 26 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 10 மி.லி. கூடக் குறைய ஊற்றினாலே மட்டம் கிட்டத்தட்ட 19 மி.மீ. மாறிவிடும். டீ கிளாஸில் அளந்து ஊற்றுகிறவர்களை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

மருந்துக்கடையில் ஒரு 50 மி.லி. சிரிஞ்ச், மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய டியூப், விறைப்பாக நிற்க அதோடு கட்ட ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. கருவி இவ்வளவுதான். பைப்பின் விளிம்பிலிருந்து ஆயில் வரை எத்தனை மி.மீ. இடைவெளி வேண்டுமோ, டியூப்பின் நுனியிலிருந்து அந்த அளவில் கம்பியில் குறுக்காக ஒரு குச்சியைக் கட்டுங்கள். அது பைப்பின் விளிம்பில் உட்காரும், டியூப்பின் நுனி மட்டத்தில் நிற்கும்.

என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து சக்கரத்தைக் கழற்றுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் அதன்பின் லீவரைத் தொடாதீர்கள். பைப்பைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்ப் போல்ட்டை மட்டும் தளர்த்தி, கால் வண்டியில் இருக்கும்போதே மூடியைச் சற்று இளக்குங்கள். வெளியே எடுத்தபின் அது பிடி கொடுக்காது. பிறகு கீழ் கிளாம்பையும் தளர்த்திக் காலை உருவி எடுங்கள். முழுக்கத் திறக்கும்போது உள்ளங்கையால் அமுக்கிக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் தள்ளும். முகத்தை நேராக நீட்ட வேண்டாம். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, கவிழ்த்துப் பிடித்துப் பலமுறை பம்ப் செய்து, அரை மணி நேரம் அப்படியே சாய்த்து வையுங்கள். பிறகு மேனுவலில் போட்டிருக்கும் தரத்தில் ஃபோர்க் ஆயில். என்ஜின் ஆயிலோ, பெயரில்லாத லூஸ் ஆயிலோ வேண்டாம். பாட்டிலில் போடும் '10 டபிள்யூ' என்ற பிசுபிசுப்புத் தரம் கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றுபோல் இருக்காது. இரண்டு காலுக்கும் ஒரே பாட்டில்.

சற்றுக் கூடுதலாக ஊற்றி, குமிழி நிற்கும்வரை மெதுவாக ஏற்றி இறக்கி, கால் மணி நேரம் விடுங்கள். பைப்பை முழுக்கக் கீழே அமுக்கி, நேராக நிறுத்தி, ஸ்பிரிங் இல்லாமல், மிச்சத்தை சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். குமிழி வந்தால் மட்டம் சரி.

உங்கள் வண்டிக்கான மி.மீ. என்ன? இங்கேதான் சிக்கல். வண்டியோடு தரும் கையேட்டில் பல நேரம் இது இருக்காது. சர்வீஸ் மேனுவலை நமக்குத் தரமாட்டார்கள், என்னவோ ராணுவ ரகசியம் போல. கெஞ்சிக் கேட்டால் மி.லி. கணக்கு மட்டும் கிடைக்கலாம். அது எந்தக் கணக்கு என்று விடாமல் கேளுங்கள். முழுக்கப் பிரித்துத் துடைத்த காலுக்கான அளவு என்றால், வெறுமனே கவிழ்த்து வடித்த காலுக்கு அது அதிகம். உள்ளே பழைய ஆயில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சீல் மாற்றப் பிரிக்கும் அன்றைக்கு அந்த மி.லி.யைச் சரியாக ஊற்றி மட்டத்தை அளந்தால் உங்களுக்கான மி.மீ. கையில் வந்துவிடும். அதை டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். ஒரு காலில் வந்த அளவுதான் மற்றதற்கும்.

எல்லாம் பூட்டியபின் பைப்பில் ஒரு கேபிள் டையைக் கட்டி சீல் வரை இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் எழுதி வைத்திருக்கிறது. நம் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாகக் சின்னச் சுவர் போல ஒன்றை எழுப்பிவிடுகிறார்கள். அதில் இரண்டு ஏறி இறங்குங்கள். டை எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று பாருங்கள். கடைசி வரை போய்க் குத்தினால் இரண்டு காலிலும் மட்டத்தை 5 மி.மீ. மட்டும் உயர்த்துங்கள், அதாவது விளிம்பிலிருந்து வரும் இடைவெளியைக் குறையுங்கள். இரண்டு முறை உயர்த்தியும் குத்தினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஆயிலை மேலும் ஊற்றாமல் ஸ்பிரிங் மட்டும் கேட்டு வாங்குங்கள்.