கென்ட்டில் தோட்டமும் மாளிகையும்: எந்த நாளில் எங்கே போவது?

கேள்வி: ஜூன் 10-ஆம் தேதி வாக்கில் லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். இரண்டு வாரம் இருப்போம். நாங்கள் இருவருமே 60 தாண்டியவர்கள். என் கணவருக்கு முழங்கால் வலி. சமதளத்தில் மெதுவாக இரண்டு கிலோமீட்டர் நடந்துவிடுவார், படிதான் சிரமம். மகளுக்குச் சனி, ஞாயிறு மட்டும் லீவு, அப்போது கார் உண்டு. மற்ற நாட்களில் ரயில்தான். லண்டனுக்குத் தென்கிழக்கே உள்ள கென்ட் பகுதியில் தோட்டங்களும் பழைய மாளிகைகளும் பார்க்க ஆசை; எட்டு இடங்கள் குறித்து வைத்திருக்கிறோம். எதை எப்போது பார்ப்பது? டிக்கெட்டை எப்படி வாங்குவது?

பதில்: முதலில் அந்த எட்டில் மூன்று நான்கை அடித்துவிடுங்கள். ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பதேகால் வரை வெளிச்சம் இருக்கும். அதை நம்பி ‘காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று’ என்று திட்டம் போடுகிறவர்கள் மூன்றாவது இடத்தில் பூட்டிய கேட்டைத்தான் பார்க்கிறார்கள். மாளிகைகள் பெரும்பாலும் பதினொரு மணி வாக்கில் திறந்து ஐந்து மணிக்குள் மூடிவிடும். கடைசி ஆளை உள்ளே விடுவது அதற்கும் அரை மணி, சில இடங்களில் ஒரு மணி நேரம் முன்பு. தோட்டத்துக்கு இரண்டு மணி நேரம், வீட்டுக்கு ஒன்றேகால், நடுவில் சாப்பாடும் உட்காருவதும் என்று கணக்குப் போட்டால் நாள் முடிந்துவிடும். நாலைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஜோடி இடங்களை மட்டும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஒவ்வோர் இடமும் யாருடையது என்று பாருங்கள். டிக்கெட் விஷயம் முழுக்க அதைப் பொறுத்தது. சிஸ்ஸிங்ஹர்ஸ்ட், நோல், சார்ட்வெல், எம்மெட்ஸ், இட்டம் மோட், ஸ்காட்னி எல்லாம் பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பாதுகாக்க 1895-இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருப்பவை. பென்ஸ்ஹர்ஸ்ட், ஹீவர், லீட்ஸ் காசில் மூன்றும் அதைச் சேர்ந்தவை அல்ல. டிரஸ்ட் பாஸை நீட்டினால் அங்கே செல்லாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்றே டிரஸ்ட் 7 நாள், 14 நாள் டூரிங் பாஸ் விற்கிறது. நீங்கள் இருவரும் வாங்கலாம். இங்கிலாந்தில் வசிக்கும் உங்கள் மகளுக்கு அது கிடையாது, அவர் தனி டிக்கெட்டோ ஆண்டு உறுப்பினர் அட்டையோ எடுக்க வேண்டும். பாஸின் நாட்கள் தொடர்ச்சியாக ஓடும் என்பதால் டிரஸ்ட் இடங்களை ஒரே வாரத்தில் அடுக்கிவிட்டு, தனியார் இடத்தை மற்ற வாரத்துக்குத் தள்ளுங்கள். 7 நாள் பாஸ் போதும். வாங்கும் முன், நீங்கள் போகும் இடங்களின் தனி டிக்கெட் விலையைக் கூட்டி, பாஸ் விலையோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

தனி டிக்கெட் வாங்கும்போது இரண்டு விலை தெரியும். கொஞ்சம் கூடுதலாக இருப்பது ‘கிஃப்ட் எய்ட்’ விலை. இங்கிலாந்தில் வருமான வரி கட்டுகிறவர் நன்கொடையோடு சேர்த்துக் கொடுத்தால், அந்த அமைப்பு அரசிடமிருந்து ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் திரும்பப் பெறும். அங்கே வரி கட்டாத நீங்கள் அதில் டிக் போடக் கூடாது. கவுன்டரில் கேட்டால் தயங்காமல் ‘நோ’ சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இனி பூ. இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பூவைத் தேடுவதைவிட, உங்கள் தேதிக்கு என்ன பூக்கிறது என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பது மேல். எம்மெட்ஸின் நீலமணிப் பூக்கள் (புளூபெல்) ஏப்ரல் கடைசியோடும் மே முதல் வாரத்தோடும் போச்சு. ஸ்காட்னியின் அசேலியா, ரோடோடென்ட்ரான் மே மாதத்துக்கு உரியவை. அந்தச் சரிவான கல்குவாரித் தோட்டம் முழங்காலுக்கும் ஆகாது. இரண்டு காரணத்தாலும் ஸ்காட்னியை இந்த முறை விட்டுவிடலாம். ஜூன் இரண்டாம், மூன்றாம் வாரம் என்றால் ரோஜா. அதற்கு சிஸ்ஸிங்ஹர்ஸ்ட்டை மிஞ்ச கென்ட்டில் ஆளில்லை.

ஆனால் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட்டுக்கு முன்னால் நோல் பாருங்கள். இந்த வரிசை முக்கியம். நோல், செவனோக்ஸ் ஊரை ஒட்டிய பிரம்மாண்டமான மாளிகை. 1456-இல் கேன்டர்பரி பேராயர் தாமஸ் பௌர்ஷியர் வாங்கியது, பிறகு மன்னர் எட்டாம் ஹென்றியின் கைக்குப் போனது, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சாக்வில் குடும்பத்துடையது. 1892-இல் அங்கே பிறந்த எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. பெண் என்பதால் அவருக்கு வாரிசுரிமை இல்லை. 1928-இல் அப்பா இறந்ததும் வீடு சித்தப்பாவுக்குப் போனது. 1930-இல் வீட்டாவும் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும் இடிபாடாகக் கிடந்த சிஸ்ஸிங்ஹர்ஸ்ட்டை வாங்கினார்கள். நோலின் நீண்ட இருண்ட கூடங்களைப் பார்த்துவிட்டுப் போனால், அந்த அம்மாள் ஒரு கோபுரத்தையும் நாலு சிதறிய கட்டடங்களையும் வைத்துக்கொண்டு ஏன் இவ்வளவு பிடிவாதமாகத் தோட்டம் போட்டார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

நோலில் பலர் ஏமாறுவது ஒரு விஷயத்தில். மாளிகையின் காட்சி அறைகளும் மான் பூங்காவும் டிரஸ்ட் வழியாகப் பார்க்கிறோம். மதிலுக்குள் இருக்கும் தோட்டம் மட்டும் சாக்வில் பிரபுவின் சொந்தத் தோட்டம். கோடையில் அதைத் திறப்பது குறிப்பிட்ட நாட்களில்தான், வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை. ஆகவே நோலுக்குச் செவ்வாய் போங்கள். கிளம்பும் முன் இணையதளத்தில் அந்தத் தேதியைச் சரிபாருங்கள். காட்சி அறைகள் முதல் மாடியில். அகலமான பழைய மரப்படிதான், நிதானமாக ஏறலாம். வாசல் கோபுரத்துச் சுருள்படியை உங்கள் கணவர் முயற்சிக்க வேண்டாம். அறைகளில் வெளிச்சம் மிகக் குறைவாக இருக்கும். 17-ஆம் நூற்றாண்டுத் துணிகளும் மெத்தை நாற்காலிகளும் சாயம் வெளுக்காமலிருக்க ஜன்னல் திரைகளை இறக்கியே வைத்திருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் இரண்டு நிமிடம் நின்று கண் பழகிய பின் நடந்தால் தடுக்காது. வெளியே மான்கள் கிட்டே வரும். தீனி போடக் கூடாது என்ற விதியைச் சும்மா வைக்கவில்லை. ரொட்டி, பிஸ்கட் அவற்றின் வயிற்றுக்குக் கேடு, தீனிக்குப் பழகிய மான் குழந்தைகளை முட்டவும் செய்யும்.

சேரிங் கிராஸ் அல்லது லண்டன் பிரிட்ஜிலிருந்து செவனோக்ஸுக்கு அரை மணி நேர ரயில். ஸ்டேஷனிலிருந்து நோல் இரண்டரை கிலோமீட்டர், அதுவும் மேடு. டாக்சி எடுத்துவிடுங்கள்.

சிஸ்ஸிங்ஹர்ஸ்ட்டுக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷன் ஸ்டேபிள்ஹர்ஸ்ட், லண்டனிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர். கிராமம் வரை பஸ் உண்டு, ஆனால் இறங்கி வயல் வழியாக இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும்; போகும்போதே கணவர் நடக்கக்கூடிய தூரம் தீர்ந்துவிடும். சிறிய ஸ்டேஷன்; டாக்சி காத்திருக்கும் என்று நம்பாமல் முந்தின நாளே போன் செய்து, போக மட்டுமல்ல, திரும்பவும் நேரம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கிராமப்புறத்தில் சில இடங்களில் மொபைல் சிக்னல் கிடைக்காது. ஐந்தரைக்கு கேட்டில் நின்றுகொண்டு வண்டி தேடும் நிலை வேண்டாம். வார நாளில் போவது நல்லது. டூர் பஸ்களில் வருகிறவர்கள் மூன்று, மூன்றரை வாக்கில் கிளம்பிவிடுவார்கள். அதற்குள் சாப்பாட்டையும் கட்டடங்களையும் முடித்துக்கொண்டு, தோட்டத்தைக் கடைசி இரண்டு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே தோட்டம் அறை அறையாகப் பிரிந்திருக்கும். யூ மரத்தை வெட்டி வளர்த்த வேலிகளும் பழைய செங்கல் சுவர்களும்தான் சுவர்கள். கோடு போட்டவர் ஹெரால்ட், செடி வைத்தவர் வீட்டா. ரோஜாத் தோட்டத்தில் பூவோடு நின்றுவிடாமல் செடியின் அடியையும் குனிந்து பாருங்கள். ஹேசல் குச்சிகளை வில்லாக வளைத்து மண்ணில் ஊன்றி, ரோஜாவின் நீண்ட தண்டுகளை இழுத்து அவற்றில் கட்டியிருப்பார்கள். தண்டு நேராக நின்றால் நுனி மொட்டுதான் சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடும். வளைத்துப் படுக்க வைத்தால் அந்த ஆதிக்கம் உடைந்து, தண்டு நெடுக ஒவ்வொரு கணுவிலும் கிளை வெடித்துப் பூக்கும். மாடியில் ரோஜா வளர்க்கிறவர்கள் வீட்டில் செய்து பார்க்கக்கூடியது. நீளமாக, வளைந்து கொடுக்கும் தண்டுள்ள வகையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்குள்ள பழைய ரகங்களில் பல ஆண்டுக்கு ஒரே முறை பூப்பவை. அதனால்தான் தேதிக்கு இவ்வளவு மல்லுக்கட்டு. ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: புகழ்பெற்ற வெள்ளைத் தோட்டத்தின் நடுப்பந்தலில் ஏறியிருக்கும் ‘ரோசா முல்லிகானி’ என்ற கொடி ரோஜா ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரத்தில்தான் முழுதாக விரியும். உங்களுக்கு அது மொட்டாகத்தான் கிடைக்கும். அந்த ஏமாற்றத்தை ரோஜாத் தோட்டம் ஈடுகட்டிவிடும். கோபுரத்துக்கு 70-க்கு மேல் படி. நீங்கள் ஏறிப் பாருங்கள், அறைகளின் கணக்கு மேலிருந்துதான் புரியும். கணவர் கீழே பெஞ்சில் இருக்கட்டும். பாதைகள் மேடுபள்ளமான செங்கல், ஈரத்தில் வழுக்கும். அடிப்பாகம் பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். புடவை கட்டுவதானால் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டுங்கள். புல் காய நேரமாகும்.

சனிக்கிழமை காரில் சார்ட்வெல், அதோடு எம்மெட்ஸ், இரண்டும் அருகருகே. சார்ட்வெல் 1922-இல் சர்ச்சில் வாங்கிய வீடு. வீட்டுக்குள் போக நேரம் குறித்த டிக்கெட் தேவை. பாஸ் இருந்தாலும் அதைத் தனியாகப் பதிய வேண்டும். வார இறுதியில் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதால் போனதும் முதல் வேலை அதுதான். மலைச்சரிவில் அமைந்த இடம், கீழே ஏரிவரை இறங்கினால் திரும்ப ஏற வேண்டும். ஏரிவரை போகாமலே ரோஜாப் பாதை, சர்ச்சில் தம் கையால் செங்கல் அடுக்கிய காய்கறித் தோட்டச் சுவர் எல்லாம் பார்த்துவிடலாம்.

இன்னொரு வார இறுதிக்கு பென்ஸ்ஹர்ஸ்ட். ஹீவரா இதுவா என்று தடுமாறுவீர்கள். ஹீவருக்கு எட்டாம் ஹென்றியின் மனைவி ஆன் பொலின் சிறுவயதில் வளர்ந்த கதையும் பெரிய ஏரியும் உண்டு, கூட்டமும் உண்டு. உள்ளே குறுகலான சுருள்படிகள். உங்கள் நிலைமைக்கு பென்ஸ்ஹர்ஸ்ட்தான் சரி. சுவர் சூழ்ந்த தோட்டம் பெரும்பாலும் சமதளம், நூறு மீட்டர் நீளத்துக்குப் பியோனிப் பூச்செடி வரிசை (ஜூன் நடுவில் முடியும் தறுவாயில் இருக்கும், சீக்கிரம் போனால் நல்லது). 1341-இல் கட்டிய பேரன்ஸ் ஹால் தரைத்தளத்திலேயே இருக்கிறது: செஸ்ட்நட் மரக்கூரை, தரையின் நடுவில் எண்கோண அடுப்பு, புகைபோக்கி கிடையாது. புகை கூரைவரை ஏறித் தானாகப் போக வேண்டியதுதான். ரயிலில் போக நினைத்தால் எச்சரிக்கை: பென்ஸ்ஹர்ஸ்ட் என்ற பெயருள்ள ஸ்டேஷன் மாளிகையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. இதைவிட மோசமான குழப்பம் லீட்ஸ் காசில். அது கென்ட்டில் மெய்ட்ஸ்டோன் பக்கம் இருக்கிறது. வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

ரயில் செலவில் ஒரு சிக்கனம். தலைக்கு ஒரு சீனியர் ரயில்கார்டு (60 வயதானவர்களுக்கான கட்டணச் சலுகை அட்டை) வாங்குவதைவிட, இருவருக்கும் சேர்த்து ஒரே ‘டூ டுகெதர்’ கார்டு வாங்குங்கள். கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இருவரின் புகைப்படமும் வேண்டும், இருவரும் சேர்ந்தேதான் பயணம் செய்ய வேண்டும், வார நாளில் காலை ஒன்பதரைக்கு முன் செல்லாது. மாளிகை திறப்பதே பதினொன்றுக்கு என்பதால் அந்தத் தடை உங்களைப் பாதிக்காது. ஞாயிற்றுக்கிழமை ரயில் நம்பிப் போகாதீர்கள். தண்டவாள வேலை என்று பாதி வழிக்குப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், கிராமப் பஸ்களும் அன்று அநேகமாக ஓடாது.

வீடுகளுக்குள் முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள், அல்லது வாசலில் வைத்துக்கொள்வார்கள். ஃப்ளாஷ் கூடாது. ஊசிக் குதிகால் செருப்புக்கு அனுமதியில்லை; உடல் எடை முழுவதும் ஒரு நகக்கண் அளவு இடத்தில் இறங்குவதால் பழைய மரத்தரையில் குழி விழும். அறைக்கு ஒருவர் அட்டை குத்திக்கொண்டு நிற்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற தன்னார்வலர்கள். பலகையை வாசிப்பதைவிட அவர்களிடம் கேளுங்கள், கேட்காவிட்டால் அவர்களாகப் பேச மாட்டார்கள். ஆள் பற்றாக்குறையால் சில அறைகளைத் திடீரென மூடுவதும் நடக்கும்.

சைவம் என்றால் டீ ரூமில் அன்றைய சூப், ஜாக்கெட் பொட்டேட்டோ (தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு), ஜாமும் க்ரீமும் வைத்த ஸ்கோன் (ஒரு வகைப் பன்) கிடைக்கும். முட்டையும் சேர்க்காதவர் என்றால் ஸ்கோனைப் பற்றிக் கேட்டுவிட்டு வாங்குங்கள், மேலே முட்டை பூசிச் சுடுவது சாதாரணம். கட்டுச்சோறு கொண்டுபோகலாம், தடையில்லை. ஆனால் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட்டில் தோட்டத்துக்குள் வைத்துச் சாப்பிட விட மாட்டார்கள், வெளியே புல்வெளியில் உட்கார வேண்டும். எலுமிச்சைச் சாதம் பாத்திரத்தைத் திறக்கும் முன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். குளவிகள் மோப்பம் பிடித்துவிடும்.

நடுவில் ஒரு நாள் மிச்சமானால், மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மஞ்சள் போர்டு தேடுங்கள். நேஷனல் கார்டன் ஸ்கீம் என்ற ஏற்பாட்டில் 1927 முதல், சாதாரண வீட்டுக்காரர்கள் ஆண்டில் சில நாட்கள் தங்கள் தோட்டத்தைத் திறந்துவிடுகிறார்கள். கட்டணம் சில பவுண்டுகள்தான், செவிலியர் சேவை அறநிலையங்களுக்குப் போகிறது. கேக்கும் டீயும் அவர்களே விற்பார்கள். கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வீட்டிலும் கார்டு மெஷின் இருக்காது. செடி வைத்தவரே எதிரில் நிற்பதால், என்ன உரம், எப்போது வெட்டினீர்கள் என்று நேராகக் கேட்கலாம். பெரிய தோட்டங்களில் அதற்கு வாய்ப்புக் குறைவு. தேதிகளை அவர்களின் இணையதளத்தில் ஊர் பெயர் போட்டுத் தேடினால் வந்துவிடும்.