கேட்டதும் சொன்னதும்: ஸ்டாலின்கிராட் சிறப்புப் பக்கம்

இரண்டாம் உலக யுத்தத்தில் 1942-43 இல் சோவியத் நகரான ஸ்டாலின்கிராட்டுக்காக ஜேர்மனியரும் சோவியத் படைகளும் மோதிய யுத்தம் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரைக்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

ஜேர்மனியரிடம் விமானமும் தாங்கியும் தாராளமாக இருந்தும் ஒரு நகரைப் பிடித்து முடிக்க முடியாமல் போனது ஏன்?
- உயர்தர வரலாற்று மாணவி, உப்புவெளி

நகரின் அமைப்பு முதற்காரணம். வோல்கா ஆற்றின் மேற்குக் கரையோரமாகச் சுமார் 40 கிலோமீற்றர் நீளத்துக்கு இழுபட்டுக் கிடந்த ஊர் அது. திருகோணமலையில் இருந்து குச்சவெளி தாண்டும் வரை கரையை ஒட்டியே வீடும் ஆலையுமாகக் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி. பின்பக்கம் அகலமான ஆறு. சுற்றி வளைக்க வழியில்லை. நேரே மோதியே ஆக வேண்டும்.

1942 ஓகஸ்ட் 23 இல் தொடங்கிய பெரும் குண்டுவீச்சு நகரை நொறுக்கியது. அந்த இடிபாடே பிறகு காத்து நின்றவர்களுக்கு அரணாயிற்று. சரிந்த சுவர்கள் தெருவை அடைத்துத் தாங்கிகளை மறித்தன. பக்கத்தில் வந்துவிட்ட தாங்கியின் குழல் மேல்மாடி அளவுக்கு உயராது, நிலவறை அளவுக்குத் தாழாது. அதன் கூரைத் தகடோ மெல்லியது. மாடியில் இருந்து சுடுபவனுக்கு அதுவே இலக்கு.

செப்டெம்பர் 12 அன்று நகரைக் காத்த சோவியத் 62ஆவது படையைப் பொறுப்பேற்ற தளபதி சுய்கோவ், எதிரியை விட்டு விலகாமல் கைக்குண்டு எறியும் தூரத்திலேயே இருக்கும்படி தன் ஆட்களுக்குச் சொன்னார். இரு தரப்பும் அவ்வளவு ஒட்டி நின்றால் ஸ்டூக்கா என்ற ஜேர்மன் குண்டுவீச்சு விமானத்தின் விமானி யார் தலையில் குண்டு போடுவான்? தாக்குதலுக்கு அனுப்பியதும் சிறு குழுக்களைத்தான். கைக்குண்டு, துணை இயந்திரத் துப்பாக்கி, தீட்டிய மண்வெட்டி ஆகியவற்றோடு ஆறேழு பேர் முதலில் புகுவார்கள். கட்டடம் கைக்கு வந்ததும் இயந்திரத் துப்பாக்கியும் தாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியுமாக அடுத்த குழு வந்து நிலைகொள்ளும். கனரகப் பீரங்கிகளில் பெரும்பகுதி கிழக்குக் கரையிலேயே நின்றது. எங்கே சுடுவது என்று இலக்குச் சொல்லும் நோக்குநர்கள் மட்டும் இடிபாட்டுக்குள் இருந்தார்கள். குண்டுகளை ஆறு தாண்டிச் சுமக்கும் வேலை இதனால் மிச்சம். நல்ல யோசனை என்று நாங்கள் கருதுவது இதைத்தான். ஒரு சிறு சோவியத் குழு வாரக்கணக்கில் விடாமல் காத்து நின்ற பவ்லோவ் வீடு என்ற கட்டடத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஜேர்மனியரைச் செம்படை (சோவியத் இராணுவம்) சுற்றிவளைத்ததை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கிண்ணியா

குற்றச்சாட்டு நியாயமானது. ஜேர்மனியர் தங்கள் நல்ல படைப்பிரிவுகளை எல்லாம் நகருக்குள் கொட்டிவிட்டு, இரு பக்கவாட்டையும் ருமேனியப் படைகளிடம் விட்டிருந்தார்கள். ருமேனியரிடம் இருந்த தாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளில் அநேகமானவை 37 மில்லிமீற்றர். சோவியத்தின் ரி-34 தாங்கிக்கு அது கீறல்தான். நவம்பர் 19 வடக்கிலும் 20 தெற்கிலும் செம்படை உடைத்தது. 22 அன்று விடியுமுன் பிலிப்போவ் என்ற லெப்டினன்ட் கேணலின் சிறு பிரிவு முன்விளக்குகளை எரியவிட்டபடியே கலாச் அருகே டொன் ஆற்றுப் பாலத்துக்கு வந்தது. காவலர்கள் சொந்த ஆட்கள் என்று நினைத்துவிட்டார்கள். பாலம் முழுதாகக் கைமாறியது. 23 அன்று வடக்கிலும் தெற்கிலும் இருந்து வந்த இரு கைகளும் சோவியத்ஸ்கி என்ற ஊரருகே சந்தித்தன. உள்ளே அகப்பட்டவர்கள் இரண்டரை இலட்சத்துக்கும் மேல்.

உள்ளே இருந்தவர்களுக்கு விமானத்தில் சாமான் அனுப்பினார்கள்தானே, ஏன் போதவில்லை?
- லொறிப் போக்குவரத்துத் தொழிலில் இருப்பவர், சீனக்குடா

ஏற்றி இறக்கும் தொழிலில் இருப்பவருக்குக் கணக்கைச் சொன்னாலே விளங்கும். வளையத்துக்குள் அகப்பட்ட ஜேர்மன் ஆறாவது படை உயிர்வாழவே நாளொன்றுக்கு ஆகக் குறைந்தது 300 தொன் வேண்டும். சண்டையும் பிடிக்க 500 தொன்னுக்கு மேல். யுங்கர்ஸ் 52 என்ற சரக்கு விமானம் ஏற்றுவது ஏறக்குறைய 2 தொன். ஆக, 300 தொன்னுக்கே தினம் 150 தரையிறக்கம். கடதாசியில் சரிவரும். ஆனால் குளிரில் இயந்திரத்தைச் சூடாக்கிக் கிளப்பவே மணிக்கணக்காகும், இறகில் பனி படியும், பகல் குறுகியது, மூடுபனி நாளில் பறப்பே இல்லை. கணக்கில் இருந்த விமானங்களில் பறக்கத்தக்கவை பாதிகூட இல்லாத நாட்கள் பல. போய்ச் சேர்ந்தது சராசரியாக நாளுக்கு 100 தொன்னைச் சற்றே தாண்டியது. அதற்குள் எரிபொருள், குண்டு, மாவு எல்லாம் அடக்கம்.

விமானத்தால் முடியும் என்று ஹிட்லருக்கு நம்பிக்கை கொடுத்தது ரஷ்யாவின் டெமியான்ஸ்க் என்ற ஊர். 1942 தொடக்கத்தில் அங்கே வளைக்கப்பட்ட சுமார் ஒரு இலட்சம் ஜேர்மனியரை விமானத்தாலேயே காப்பாற்றியிருந்தார்கள். ஸ்டாலின்கிராட்டில் ஆள்தொகை இரண்டரை மடங்கு, எதிரே சோவியத் விமானப்படையும் பலத்திருந்தது. டிசெம்பர் 24 அன்று சோவியத் தளபதி பதானோவின் தாங்கிகள், சாமான் விமானங்கள் கிளம்பிய தாட்சின்ஸ்காயா விமானத் தளத்துக்குள்ளேயே புகுந்தன. தப்பிய விமானங்கள் இன்னும் தூரத்தில் இருந்து பறக்க வேண்டியதாயிற்று. ஜனவரி 16 இல் வளையத்துக்குள் இருந்த பிரதான தளமான பிடோம்னிக்கும் போனது. பாண் பங்கு 200 கிராமில் இருந்து 100 ஆகி, பிறகு அதற்கும் கீழே இறங்கியது. குதிரைகளைத் தின்றார்கள்.

வெளியே இருந்து வந்த ஜேர்மன் தளபதி மான்ஸ்டைனின் மீட்புப் படை டிசெம்பரில் 50 கிலோமீற்றர் அளவு வரை நெருங்கியபோது ஆறாவது படையின் தளபதி பவுலஸ் ஏன் உடைத்துக்கொண்டு போகவில்லை என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். வெளியேற ஹிட்லரின் அனுமதி இல்லை. தாங்கிகளில் இருந்த எரிபொருளும் 30 கிலோமீற்றருக்குத்தான் காணும். பீரங்கி இழுக்கும் குதிரைகளில் பெரும்பாலானவை தீவனச் செலவைக் குறைக்க முன்கூட்டியே மேற்கே அனுப்பப்பட்டிருந்தன.

எலிகள் தாங்கிகளை முடக்கின என்பது கட்டுக்கதையா?
- மூதூர் வாசகர்

உண்மைதான். ருமேனியருக்குப் பின்னால் நின்ற ஜேர்மன் 22ஆவது தாங்கிப் பிரிவு எரிபொருள் இல்லாமல் தாங்கிகளைக் குழியில் இறக்கி வைக்கோலால் மூடி வைத்திருந்தது. வைக்கோலில் குடியேறிய எலிகள் மின்கம்பி உறையைக் கடித்துத் தீர்த்துவிட்டன. கிளப்பப் போனபோது பல தாங்கிகள் அசையவில்லை. ஆனாலும் தோல்விக்கு எலியைக் காரணமாக்குவது அதிகம்.

1942 ஏப்ரலில் ஜப்பான் திருகோணமலையில் குண்டு போட்டதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
- திருக்கடலூர் வாசகர்

நேரடியாக இல்லை. ஏப்ரல் 9 அன்று துறைமுகமும் சீனக்குடாவும் தாக்கப்பட்டன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. தாக்க வந்த ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிகளும் பசிபிக் பக்கம் திரும்பின. அவற்றில் மூன்று ஜூனில் பசிபிக்கின் மிட்வே சண்டையில் மூழ்கின. இந்து சமுத்திரம் வழியாக ஈரானுக்கும், அங்கிருந்து சோவியத்துக்கும் போன உதவிப்பாதை அதனால் தப்பியது. ஆனால் அந்தப் பாதையில் பெருமளவு சாமான் போனது 1943 இல் இருந்துதான். ஸ்டாலின்கிராட்டை அது காப்பாற்றியது என்று எழுதினால் பிழை.

யுத்தம் முடிந்த திகதி ஜனவரி 31 ஆ, பெப்ரவரி 2 ஆ?
- தம்பலகாமம் மாணவர்

பவுலஸ் நகர மத்தியில் இருந்த பல்பொருள் அங்காடியின் நிலவறையில் பிடிபட்டது 1943 ஜனவரி 31. வடக்கே ஆலைப் பகுதியில் இருந்த இன்னொரு ஜேர்மன் தளபதி ஸ்ட்ரெக்கரின் படை சரணடைந்தது பெப்ரவரி 2. பரீட்சையில் பெப்ரவரி 2 என்றே எழுதுங்கள்.