கவுன்ட்டிக்கு ஒரே ஹைஸ்கூல்: வாசகர் கேள்விகள்

கே: அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் சிறிய கவுன்ட்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒரே ஒரு அரசு ஹைஸ்கூல்தான் (9 முதல் 12ஆம் வகுப்பு வரை). நான்காண்டில் படிப்பை முடித்தோர் விகிதம் சென்ற முறை 90 விழுக்காடு, இம்முறை 77. மகளை அங்கே சேர்க்கப் பயமாக இருக்கிறது.

ப: விழுக்காட்டை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். 30 பேரில் 27 பேர் முடித்தால் 90. 26 பேரில் 20 பேர் முடித்தால் 77. இன்னும் மூன்று பிள்ளைகள் முடித்திருந்தால் 88 வந்திருக்கும். இவ்வளவு சிறிய வகுப்பில் ஓராண்டுக் கணக்கை வைத்துப் பள்ளியை எடைபோடுவது அநியாயம். மூன்று ஆண்டுகளின் மாணவர் எண்ணிக்கையைக் கூட்டி, முடித்தோர் எண்ணிக்கையைக் கூட்டி, பிறகு வகுத்துப் பாருங்கள். மூன்று விழுக்காடுகளுக்குச் சராசரி எடுப்பது தவறு.

அடுத்து, முடிக்காத அந்த ஆறு பேர் யார் என்று கேளுங்கள். பெயர் சொல்லமாட்டார்கள், காரணம் சொல்லலாம். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களோடு இடையில் வந்தவர்களைக் கூட்டி, வேறு பள்ளிக்குப் போனவர்களைக் கழிப்பதுதான் வகுப்பின் மொத்த மாணவர் கணக்கு. கழிக்க எழுத்துச் சான்று வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஊர் மாறிய குடும்பத்தின் பிள்ளை, சான்று வராவிட்டால், முடிக்காதவராகவே நிற்பார். ஜிஇடி (ஹைஸ்கூல் முடிக்காதவர்கள் அதற்கு இணையான சான்றிதழ் பெற எழுதும் தேர்வு) எழுதித் தேறியவரும் ஐந்தாவது ஆண்டில் முடித்தவரும் இந்த விகிதத்தில் சேரமாட்டார்கள். ஆறில் நான்கு பேர் இப்படி என்றால் ஒரு கதை. நான்கு பேர் பத்தாம் வகுப்பிலேயே நின்றுவிட்டார்கள் என்றால் அது வேறு கதை, அதற்குக் கவலைப்படத்தான் வேண்டும்.

பள்ளிகளைப் பற்றி மாநிலம் வெளியிடும் ரிப்போர்ட் கார்டில் சில கட்டங்கள் வெறுமையாக இருப்பதைப் பார்த்து எதையோ மறைக்கிறார்கள் என்று எண்ணவேண்டாம். குழு மிகச் சிறியதானால் தனிப்பிள்ளை அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் வெளியிடுவதில்லை. நீங்கள் தவறாமல் பார்க்கவேண்டியது நீண்டகால வருகையின்மை. பள்ளி நாட்களில் 10 விழுக்காடு, அதாவது 180 நாளில் 18 நாளோ அதற்கு மேலோ வராதவர்களின் கணக்கு அது. தேர்வு முடிவைவிட முன்கூட்டியே பள்ளியின் நிலையைக் காட்டுவது அதுதான்.

கே: இங்கே ஏசிடி (கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு) சராசரி, வேறு மாநிலத்தில் இருக்கும் என் தங்கை ஊரைவிட மிகக் குறைவு. ஏன்?

ப: எத்தனை பேர் எழுதினார்கள் என்று முதலில் பாருங்கள். மிசிசிப்பி போன்ற மாநிலங்களில் பதினோராம் வகுப்பில் எல்லோரும் எழுதுகிறார்கள். மாசசூசெட்ஸில் விரும்பிய சிலர் மட்டுமே எழுதுவதால் சராசரி உயர்ந்து நிற்கிறது. இரண்டையும் ஒப்பிடமுடியாது.

கே: பள்ளியில் கால்குலஸும் இல்லை, ஏபி (ஹைஸ்கூலிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) இயற்பியலும் இல்லை. மகன் பொறியியல் படிக்க விரும்புகிறான்.

ப: அவன் எட்டாம் வகுப்பில் இருந்தால் இப்போதே செயல்படுங்கள். எட்டில் அல்ஜீப்ரா 1 முடித்தால் ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ் என்று ஏறி பன்னிரண்டில் கால்குலஸை எட்டலாம். ஒன்பதில் தொடங்கினால், இடையில் கோடை வகுப்பு எடுக்காதவரை பிரீகால்குலஸோடு நின்றுவிடும்.

கால்குலஸுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) டூயல் என்ரோல்மென்ட், அதாவது ஹைஸ்கூலில் இருந்தபடியே கல்லூரிப் பாடம் படிப்பது. அங்கே வாங்கும் மதிப்பெண் கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும். தடுமாறினால் விலகும் கெடு தேதிக்குள் விலகவேண்டும். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் அந்த கிரெடிட்டை (பாடம் முடித்ததற்கான புள்ளி) ஏற்காமல் போவதும் உண்டு, பாடத்திட்ட நகலை எடுத்துவையுங்கள். மற்றொன்று, மாநில ஆன்லைன் பள்ளி. மொன்டானா, வட கரோலினா, ஃபுளோரிடா ஆகியவற்றில் அரசே நடத்துகிறது. எங்கே படித்தாலும் ஏபி தேர்வை வேறு பள்ளியில் போய் எழுதலாம். ஆனால் தேர்வு மே மாதம் என்று காத்திருக்காதீர்கள்: பதிவு நவம்பரிலேயே முடிந்துவிடும், செப்டம்பரில் அந்தப் பள்ளியின் ஏபி ஒருங்கிணைப்பாளரிடம் இடம் கேட்டுவிடுங்கள்.