தேக்காவைத் தாண்டியும் பசியாறலாம்

பயணக் கேள்விகள் பகுதிக்கு இம்முறை சிங்கப்பூரைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாப்பாட்டைப் பற்றியே கேட்கின்றன. கோடை விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுத்து முடித்த பிறகுதான் இந்தக் கவலை வரும் போலிருக்கிறது. பதினோரு ஆண்டுகள் அந்த ஊரில் வேலை பார்த்து, அதில் பாதிக் காலம் சமையலறையே இல்லாத வாடகை அறையில் தங்கி, மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டவன் என்ற தகுதியில் இவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேரும் ஐந்து நாள்களுக்குச் சிங்கப்பூர் செல்கிறோம். சென்ற ஆண்டு போய் வந்த நாத்தனார் குடும்பத்தார், விடுதி வாடகைக்கு இணையாகச் சாப்பாட்டுக்கும் செலவானது என்று பயமுறுத்துகிறார்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற உணவு, கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும் இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? (கும்பகோணம் வாசகி)

பதில்: உங்கள் நாத்தனார் எங்கே சாப்பிட்டிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பகல் முழுவதும் வெயிலில் சுற்றிவிட்டு, பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கிய பிறகு, கண்ணில் பட்ட முதல் குளிரூட்டிய உணவகத்துக்குள் நுழைந்திருப்பார்கள். அந்த ஊரில் மலிவான நல்ல சாப்பாடு எங்கும் ஒளிந்திருக்கவில்லை; நாம்தான் பசித்த பிறகு தேடுகிறோம். ஆகவே கடைகளின் பெயர்ப் பட்டியலைத் தயாரிப்பதைவிட, எந்த நேரத்தில் எந்தப் பேட்டையில் இருப்போம் என்பதை முதலில் எழுதிக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் உள்ள உணவங்காடி நிலையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘உணவங்காடி நிலையம்’ என்ற சொல் இங்கே பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆங்கிலத்தில் ஹாக்கர் சென்டர் எனப்படுவதை அங்குள்ள தமிழர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரு காலத்தில் தள்ளுவண்டியிலும் தோளில் சுமந்த கூடைகளிலும் தெருவோரத்தில் சமைத்து விற்றவர்களை, தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வசதியும் உள்ள கட்டடங்களுக்குள் அரசாங்கம் 1971 முதல் 1986 வரையிலான காலத்தில் குடியமர்த்தியது. அப்படித் தெருவிலிருந்து வந்த மூத்த தலைமுறைக் கடைக்காரர்கள் பலர் சலுகை வாடகை செலுத்தி வந்ததும், பரிமாறுவதற்கு ஆள் வைக்காததும், குளிரூட்டி இல்லாததும் சேர்ந்துதான் அங்கே விலை ஏறாமல் இருந்ததற்குக் காரணம். இந்த உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் தன் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. இன்று தீவு முழுவதும் இத்தகைய நிலையங்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன. ஒரு தட்டுச் சாப்பாடு பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வெள்ளிக்குள் முடிந்துவிடும். (டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள், கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.)

இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறு இரண்டு வகை இடங்கள் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் இருப்பவை கோப்பிக்கடைகள். இவை தனியாருடையவை, விலை சற்றே கூடுதல், ஆனாலும் தாராளமாகப் போகலாம். கடைத்தொகுதிகளுக்குள் குளிரூட்டிய கூடத்தில் இருப்பவை உணவு நிலையங்கள். பார்ப்பதற்கு அதே போலத்தான் இருக்கும், ஆனால் அதே கோழிச்சோற்றுக்கு ஓரிரு வெள்ளி கூடுதலாகக் கேட்பார்கள். வெயிலில் வாடிய மாமியாரை உட்காரவைக்க அந்த ஓரிரு வெள்ளியைக் கொடுப்பதில் தவறில்லை என்பது என் கருத்து.

இனி உங்கள் ஐந்து நாள்களுக்கு வருவோம். செந்தோசா தீவுக்குப் போகும் நாளில், ஹார்பர்ஃபிரண்ட் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள சியா இம் உணவங்காடி நிலையத்தில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தீவுக்குள் நுழையுங்கள். உள்ளே சென்ற பிறகு தேடினால் கைக்கு அடங்காது. மரினா பே பக்கம் மாலையில் இருப்பீர்களானால் லாவ் பா சாட்டுக்கு நடந்துவிடலாம். வார்ப்பிரும்புத் தூண்களுடன் எண்கோண வடிவில் எழுப்பப்பட்ட அந்தப் பழைய சந்தைக் கட்டடத்தைப் பார்ப்பதற்காகவே போகலாம். இரவானால் பக்கத்துத் தெருவை அடைத்து மேசை போட்டுச் சத்தே (குச்சியில் குத்திய இறைச்சித் துண்டுகள்) சுடுவார்கள். நகரின் நடுவே இருப்பதால் மற்ற உணவங்காடிகளைவிட விலை கொஞ்சம் அதிகம்தான். சைனாடவுனில் மேக்ஸ்வெல் நிலையமும், அதைவிடப் பெரிய சைனாடவுன் காம்ப்ளெக்ஸும் உள்ளன. பின்னதில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட உணவுக் கடைகள் இருப்பதால், முதல்முறை போகிறவர்கள் எதை வாங்குவது என்று தெரியாமல் இரண்டு சுற்று வந்து களைத்துவிடுவார்கள். விலங்குத் தோட்டத்துக்குப் போகும் நாளில் காலையிலேயே இட்லியோ ரொட்டியோ பொட்டலம் கட்டிக்கொள்வது நலம்.

தேக்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஈரச்சந்தையும் உணவங்காடியும் சேர்ந்தே இருக்கின்றன. ‘சிறு மூங்கில்களின் அடி’ என்று பொருள்படும் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழிச் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. 1982-இல் இப்போதைய கட்டடம் வந்தபோது அதை மாண்டரின் ஒலிப்பில் சூஜியாவ் நிலையம் என்று எழுதினார்கள். மக்கள் வாயில் அது நுழையாததால் 2000-இல் பழைய பெயரே திரும்ப வந்தது. அங்கே தோசை, இடியாப்பம், பிரியாணி, மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் எல்லாம் கிடைக்கும். தமிழிலேயே கேட்டு வாங்கலாம். ஆனாலும் ஐந்து நாளும் மூன்று வேளையும் அங்கேயே சுற்ற வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். காலைப் பசியாறலைத் தேக்காவில் முடித்துக்கொண்டு, மதியம் பிள்ளைகளுக்கு வேறு சுவைகளைக் காட்டுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒவ்வொரு கடைக்கும் நட்சத்திரக் குறியீடுகளும் நூற்றுக்கணக்கான கருத்துகளும் இருக்கின்றன. அவற்றை நம்பலாமா? ஓர் உணவங்காடிக்குள் நுழைந்ததும் நல்ல கடை எது என்று அறிய வேறு வழி உண்டா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: இணைய மதிப்பீடுகளை நான் இரண்டு விஷயங்களுக்கு மட்டும் பயன்படுத்துவேன்: கடை இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்று தெரிந்துகொள்ள. சுவையைப் பற்றிய தீர்ப்புகளில் கடைக்காரர் சிரிக்கவில்லை என்பதற்காகக் குறைத்துப் போட்டவையும் படம் அழகாக வந்தது என்பதற்காகக் கூட்டிப் போட்டவையும் கலந்து கிடக்கின்றன.

உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் மிஷலின் கையேடு 2016-இல் முதன்முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது இரண்டு உணவங்காடிக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்தது. அவற்றுள் ஒன்று சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் சோயா சாற்றில் வெந்த கோழியை ஏறக்குறைய இரண்டு வெள்ளிக்கு விற்ற கடை. உலகிலேயே மலிவான நட்சத்திரச் சாப்பாடு என்று பெயர் பரவியதும் அதன் முன்னால் மணிக்கணக்கில் வரிசை நின்றது. 2021-இல் அந்த நட்சத்திரம் போய்விட்டது. ஒன்றரை மணி நேரம் நிற்பதற்கு விடுமுறைப் பயணம் எதற்கு? பக்கத்துக் கடைக் கோழியும் கோழிதான்.

வரிசை நீளமாக இருக்கிறதா என்பதைவிட அதில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்குகிறவர்களும், சீருடையில் வரும் துப்புரவுப் பணியாளர்களும், கக்கத்தில் நாளிதழை இடுக்கிய முதியவர்களும் நிற்கிற கடையில் விலையும் சுவையும் பெரும்பாலும் ஏமாற்றாது, ஏனென்றால் அவர்கள் நாளையும் அங்கேதான் வந்தாக வேண்டும். பெட்டியும் கேமராவுமாக நிற்கிறவர்கள் திரும்பி வரப்போவதில்லை. ஒரே ஆள் சமைத்து அவரே காசும் வாங்கினால் வரிசை நகராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அந்த நீளம் சுவையைக் காட்டுவதாகாது. அடுத்து, பலகையில் உள்ள பண்டங்களை எண்ணுங்கள். நான்கைந்து பண்டங்களை மட்டும் இருபது ஆண்டுகளாகச் செய்துவருகிற கடையை, நாற்பது படங்களை ஒட்டிவைத்த கடையைவிட நான் அதிகம் நம்புவேன்.

கடை முகப்பில் ‘ஏ’, ‘பி’ என்று ஒட்டியிருக்கும் எழுத்துகள் சுகாதாரத் தரத்தைக் காட்டுபவை. ‘ஏ’ உயர்ந்தது. அது சுவைக்கான மதிப்பெண் இல்லை. ‘பி’ ஒட்டிய கடைகளில் உள்ளூர்க்காரர்கள் தயக்கமின்றிச் சாப்பிடுகிறார்கள், நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

நேரம் இவை எல்லாவற்றையும்விட முக்கியம். அலுவலக வட்டாரங்களில் பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்றரை வரை உட்கார இடம் கிடைக்காது. பதினொன்றரைக்குப் போனால் எல்லாம் சூடாக இருக்கும், நாற்காலியும் இருக்கும். இரண்டரைக்குப் போனால் பெயர்பெற்ற கடைகளில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். அமோய் ஸ்திரீட் போன்ற அலுவலகப் பகுதி நிலையங்களில் சனி, ஞாயிறுகளில் பல கடைகள் திறப்பதில்லை. திங்கட்கிழமை விடுமுறை விடுகிற கடைகளும் நிறைய. துப்புரவுப் பணிக்காக ஒவ்வொரு நிலையத்தையும் சில மாதங்களுக்கு ஒருமுறை முழுவதுமாக மூடுவார்கள். அந்தத் தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே வெளியிடும். சீனப் புத்தாண்டை ஒட்டிப் போகிறவர்கள் மட்டும், சீனக் கடைகள் பல மூடியிருக்கும் என்பதால், தேக்காவையே நம்பியிருக்க வேண்டி வரலாம்.

ஓர் எச்சரிக்கையை என் சொந்தச் செலவில் கற்றேன். வேலைக்குப் போன முதல் மாதத்தில், ஓர் உணவங்காடியில் நண்பர்களுக்கு நண்டு வாங்கித் தந்தேன். பலகையில் விலைக்குப் பதிலாக ‘பருவ விலை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, கேட்க வெட்கப்பட்டேன். அந்த ஓர் இரவின் தொகையில் இரண்டு வாரம் சாப்பிட்டிருக்கலாம். நண்டு, இறால், மீன் முதலியவை நூறு கிராமுக்கு இவ்வளவு என்று விற்கப்படும் இடங்களில், மொத்த எடை எவ்வளவு, மொத்த விலை எவ்வளவு என்று சட்டியில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். கேட்பதை அங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை.

கேள்வி: நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத சைவர்கள். வெங்காயம், பூண்டும் என் அம்மாவுக்கு ஆகாது. உணவங்காடியில் எங்களுக்கு ஏதாவது உண்டா? (சேலம் வாசகி)

பதில்: உண்டு, அதுவும் நீங்கள் எதிர்பாராத இடத்தில் உண்டு. பல உணவங்காடிகளில் சீன பௌத்தர்கள் நடத்தும் சைவக் கடை ஒன்றாவது இருக்கும். அவர்கள் மரபில் வெங்காயமும் பூண்டும் விலக்கு என்பதால் உங்கள் அம்மாவுக்கு அந்தக் கடை நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையைவிடப் பொருந்தும். கண்ணாடிக்குப் பின்னால் பொரியல்களும் கூட்டுகளும் அடுக்கியிருக்கும். சோற்றையோ அரிசிச் சேமியாவையோ வாங்கி, விரலால் சுட்டிக் காட்டினால் மேலே வைத்துத் தருவார்கள். மீனைப் போலவும் கோழியைப் போலவும் தோன்றுபவை சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்தவை. மனம் ஒப்பாவிட்டால் கீரையையும் தோஃபுவையும் மட்டும் காட்டுங்கள். சில கடைகளில் முட்டை சேர்வதுண்டு, ஆகவே “நோ எக்” என்று சொல்லிவிடுங்கள்.

மற்றக் கடைகளில் “காய்கறி மட்டும் போதும்” என்று கேட்பது போதாது. கீரை வதக்கலில் சிப்பிச் சாறு ஊற்றுவது அங்கே வழக்கம், சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருக்கும், தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோற்றோடு நெத்திலி வரும். லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைப் பக்கம் சைவ உணவகங்கள் பல உள்ளன. ஆனந்த பவன் 1924-இலும் கோமள விலாஸ் 1947-இலும் தொடங்கப்பட்டவை. உணவங்காடியைவிட விலை கூடுதலானாலும், அம்மாவுக்குத் தயிர்ச்சோறு வேண்டும் என்ற நாளில் அங்கே போய்விடுங்கள்.

கேள்வி: உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தன. பில் வந்தபோது தொகை ஏறியிருந்தது. ஏன்? (சென்னை வாசகர்)

பதில்: முதல் குறி பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், இரண்டாவது ஜிஎஸ்டி எனப்படும் பொருள்-சேவை வரி. அந்த வரி 2024 முதல் 9 விழுக்காடு. அதைச் சேவைக் கட்டணத்தையும் கூட்டிய தொகையின் மேல் போடுவார்கள். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் 119 வெள்ளி 90 காசு கொடுக்க வேண்டும். உணவங்காடியில் பலகையில் எழுதியிருப்பதுதான் விலை. பொட்டலம் கட்டினால் டப்பாவுக்குச் சில காசுகள் கேட்பார்கள், அவ்வளவுதான். அன்பளிப்பு வைக்கும் வழக்கமும் இல்லை. இரண்டு, ஐந்து, பத்து வெள்ளித் தாள்களைக் கையில் வைத்திருங்கள்; வெளிநாட்டு அட்டைகளைச் சிறு கடைகள் பல ஏற்பதில்லை.

கேள்வி: உணவங்காடியில் காலி மேசையில் உட்காரப் போனோம், ஒருவர் வந்து சண்டைக்கு நின்றார். மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் தவிர எதுவும் இல்லை. நாங்கள் செய்த தவறு என்ன? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அந்தப் பொட்டலம்தான். நம் ஊர்ப் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல அங்கே டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிப்பார்கள். ‘சோப்’ செய்வது என்று அதற்குப் பெயர். சட்டமில்லை, ஆனால் எல்லாரும் மதிக்கும் வழக்கம். நீங்களும் ஒன்று வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போகலாம்.

சட்டமாகவே இருப்பது வேறொன்று. சாப்பிட்ட தட்டையும் அதை ஏந்தி வந்த தட்டத்தையும் (ட்ரே) மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது என்ற விதியை 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடிகளில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துகிறார்கள். முதல்முறை எழுத்து மூலமான எச்சரிக்கை. இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். தட்டுகளைத் திருப்பி வைக்கும் அடுக்குகள் ஹலால் உணவுக்குத் தனியாகவும் மற்றவற்றுக்குத் தனியாகவும் இருக்கும். நீங்கள் வாங்கிய கடை எந்த வகை என்று பார்த்து அந்த அடுக்கிலேயே வையுங்கள்.