சொதிச் சாப்பாட்டில் பீன்ஸ் மட்டும் சாப்பிட்டவளுக்கு

கேள்வி: டீச்சர், எனக்கு 27 வயது. ஊர் பாளையங்கோட்டை. ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓடப் பணம் கட்டியிருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறேன். போன ஞாயிறு 24 கிலோமீட்டர். ஆனால் 56 கிலோ இருந்த எடை 57.5 ஆகிவிட்டது. தொடையும் தடித்திருக்கிறது. காலையில் ஓட்ஸ், மதியம் ஒரு கரண்டி சோறு, இரவில் வெள்ளரிக்காய் என்று குறைத்துக்கொண்டேன். சித்தி மகள் கல்யாணத்துக்கு மறுநாள் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாட்டில்கூட பீன்ஸ் பொரியல் மட்டும்தான். அப்படியும் பெரிய அத்தை, "ஓடி ஓடிக் கறுத்து, வற்றி, ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிட்டாயே" என்றார். மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. ஓடுகிறவர்களுக்கு அது சகஜம் என்கிறார் கூட ஓடும் அக்கா. போட்டிக்குள் ஐந்து கிலோ குறைக்க என்ன சாப்பிட வேண்டும்?

பதில்: டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டாய்; நானும் 'நீ' என்றே எழுதுகிறேன். உன் கேள்வி கடைசி வரியில் இருக்கிறது. எனக்குக் கண் நின்றது அதற்கு இரண்டு வரி முன்னால்.

மூன்று மாதம் மாதவிலக்கு நிற்பது சகஜம் இல்லை. அந்த அக்கா நல்லவராக இருக்கலாம், ஆனால் இதில் சொன்னது தவறு. இந்த வாரமே மகப்பேறு மருத்துவர் ஒருவரைப் பார். கர்ப்பம், தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என்று அவர் வரிசையாகப் பார்த்து விலக்குவார். எவ்வளவு ஓடுகிறாய், எவ்வளவு சாப்பிடுகிறாய் என்பதை ஒளிக்காமல் சொல். ஓட்டத்துக்குச் செலவானது போக மிஞ்சும் சாப்பாடு போதாமல் போனால், உடம்பு முதலில் கை வைப்பது இப்போதைக்கு அவசரமில்லாத வேலைகளில்தான். மாதவிலக்கு அதில் ஒன்று. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்த நிலைக்கு 'ரெட்-எஸ்' என்று பெயரே வைத்தது. அடுத்த அடி எலும்புக்கு. கணைக்கால் எலும்பில் விரல் வைத்தால் ஒரே இடத்தில் சுள்ளென்று வலிக்கிறதா? வலித்தால், எலும்பு மருத்துவர் பார்க்கும்வரை ஓடாதே. அது மயிரிழை முறிவாக இருக்கலாம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு ஓட ஏறத்தாழ 1 கலோரி வேண்டும். 24 கிலோமீட்டருக்கு நீ செலவழித்தது 1,350 கலோரிக்குக் குறையாது. அன்றிரவு வெள்ளரிக்காய்! வெள்ளரிக்காயில் என்ன இருக்கிறது? தண்ணீர். தினம் ஒரு மணி நேரம் ஓடுகிறவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து தேவை. உனக்கு ஏறத்தாழ 290 முதல் 400 கிராம் வருகிறது. நூறு கிராம் சோற்றில் இருப்பது 28 கிராம்தான். உன் ஒரு கரண்டி எந்த மூலைக்கு?

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். அங்கே நமக்கேற்ற சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயுமாகச் சமாளித்ததையும், கடைசி 35 மீட்டரில் அது காலை வாரியதையும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கிடைக்கவில்லை. உனக்கு வீட்டில் அம்மா தட்டோடு நிற்கிறார்.

கூடிய ஒன்றரைக் கிலோவில் பெரும்பகுதி கொழுப்பாக இருக்காது. பயிற்சி கூடக்கூடத் தசை மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமித்துவைக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஞாயிற்றுக்கிழமை உன்னை வீடு கொண்டுவந்து சேர்த்த சரக்கு அது. அதைப் போய்க் குறைக்கப் பார்க்கிறாய்.

சாப்பாட்டுக்கு வெளியூர்ப் பொடி எதுவும் வேண்டாம். விடியற்காலை கிளம்புமுன் ஒரு வாழைப்பழம். திரும்பியதும் அரை மணிக்குள் நான்கு இட்லியோடு முட்டையோ, கருப்பட்டி போட்ட உளுந்தங்கஞ்சியோ. மதியம் வயிறு நிறையச் சோறு. வாரத்தில் ஒருநாளாவது உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். பெரியமனுஷியான பிள்ளைக்கு நம் ஆச்சிமார் உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தது கலோரி எண்ணி அல்ல. ஆனாலும் நூறு கிராம் உளுந்தில் 24 கிராம் புரதம் இருக்கத்தான் செய்கிறது. இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கவே கூடாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் வழியிலேயே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், பேரீச்சம்பழம் போதும். நம் ஊரில் எட்டு மணிக்கே வெயில் உறைக்கும், ஆகவே வெறும் தண்ணீரை மட்டும் குடித்துத் தள்ளாதே, உப்புப் போட்ட மோரும் வேண்டும். ரத்தச் சோதனையில் ஹீமோகுளோபினோடு, இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் சோகை. சாப்பிட்ட கையோடு காப்பி குடிப்பதையும் நிறுத்து, இரும்புச்சத்தை அது உடம்பில் சேரவிடாது.

அத்தை விஷயம். இருப்பது ஒரே உடம்பு. நீ பார்த்தால் தடித்திருக்கிறது, அத்தை பார்த்தால் வற்றியிருக்கிறது. நான் இரண்டு பேர் கண்ணையும் நம்பவில்லை. கல்யாண வீட்டில் மெலிந்தாயா, தடித்தாயா என்பது பலருக்கு 'எப்போது வந்தாய்' என்பதைப் போல ஒரு விசாரிப்பு. "ஆமாம் அத்தை, 24 கிலோமீட்டர் ஓடினேன்" என்று சொல்லிவிட்டுச் சொதியை ஊற்றிக்கொண்டிருக்கலாம். எடை பார்க்கும் மெஷினை அம்மாவிடம் கொடுத்துப் பீரோவுக்கு மேலே போடச் சொல். போட்டி முடியும்வரை இறக்க வேண்டாம். தொடை தடித்ததற்குப் பெரிய அளவில் ஒரு பேன்ட் வாங்கு, தீர்ந்தது. ஆனால் நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பே ஓடினாலோ, சாப்பிட்டதற்குத் தண்டனையாக ஓடத் தோன்றினாலோ அதை அத்தை தலையில் போடாதே. மருத்துவரிடம் அதையும் சொல். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஐந்து கிலோ குறைக்கும் திட்டத்தை நான் தரப்போவதில்லை. உன் எடைக்கு அது தேவையா என்பதையே மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தேவை என்றாலும் மாரத்தான் பயிற்சியோடு சேர்த்துச் செய்கிற வேலை இல்லை அது. மருத்துவர் தூரத்தைக் குறைக்கச் சொன்னால் 21 கிலோமீட்டர் பிரிவுக்கு மாறிக்கொள். மாற்ற முடியுமா என்று போட்டி நடத்துகிறவர்களிடம் இன்றைக்கே எழுதிக் கேள், கடைசி வாரத்தில் கேட்டால் கையை விரித்துவிடுவார்கள்.