மாவட்ட மனநலத் திட்டம் என்பது என்ன? அதற்கு அரசு ஏன் தனியாகச் செலவிட வேண்டும்?

மனநல மருத்துவரையும் மருந்தையும் பெருநகர மருத்துவமனையோடு நிறுத்திவிடாமல், அரசுச் செலவில் வட்ட மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கொண்டுவரும் ஏற்பாடே மாவட்ட மனநலத் திட்டம். 1982-இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டத்தின் கீழ் 1996-இல் இது உருவானது. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் வழியாக வரும் நிதியில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, தமிழ்நாட்டின் பங்கு 40.

மனச்சிதைவு போன்ற நோய்க்கு மாத்திரையை மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில், இடைவிடாமல் உட்கொள்ள வேண்டியிருக்கிறது. ராதாபுரம் பக்கத்தில் பீடி சுற்றும் ஒரு பெண், ஒவ்வொரு முறையும் அன்றைய கூலியை இழந்து, துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் பஸ் ஏறினால்தான் மருந்து என்றால், சில மாதங்களில் வருகை நின்றுவிடும், நோயும் திரும்பிவிடும். பாபநாசம் அணை நிரம்பியிருந்தாலும், கால்வாயைத் தூர்வாரி, மடையைத் திறக்க ஆளும் இருந்தால்தான் கடைமடை வயல் நனையும். அந்தத் தூர்வாரும் வேலைதான் இங்கே திட்டமிடல்: மருத்துவர் எந்தக் கிழமை எந்த ஊருக்கு வருவார், மருந்து இருப்பு தீருமுன் யார் கேட்டு வாங்குவார், வராத நோயாளியை யார் தேடிப் போவார் என்பவை. (கட்டிடம் கட்டுவதைவிட இதற்குப் பணம் கேட்டு வாங்குவதுதான் கடினம் என்பது என் கருத்து.)

அரசு மனநலச் சேவை என்றாலே ஆளை அடைத்து வைப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். இத்திட்டத்தில் பெரும்பாலோர் வெளிநோயாளியாகவே பார்க்கப்பட்டு, மாத்திரையோடு அன்றே வீடு திரும்புகிறார்கள், தூக்கமின்மைக்கும் மதுப்பழக்கத்துக்கும்கூட அங்கே சீட்டுப் போட்டுக்கொள்ளலாம்.