அப்பாவிடம் கேட்டீர்களா?

கேள்வி: எட்டு மாதமாக மெட்டாலிகா என்ற மெட்டல் இசைக்குழுவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டை எலெக்ட்ரிக் கிடாரில் பழகுகிறேன். முக்கால் வேகம் வரை வருகிறது. அதற்கு மேல் போனால் வலது முன்கை இறுகி, அடிகள் தப்புகின்றன. புது கிடார் வாங்கலாமா, வேறு பாட்டுக்குப் போகலாமா? இது அப்பாவின் கிடார். இளவயதில் இதே பாட்டை வாசித்தவர். பக்கவாதம் வந்து இடது கை செயலிழந்துவிட்டது. பக்கத்து அறையில்தான் இருக்கிறார். கேட்டால் வருத்தப்படுவார் என்று ஹெட்போன் போட்டுத்தான் வாசிக்கிறேன்.

பதில்: புது கிடாரும் வேண்டாம், வேறு பாட்டும் வேண்டாம்.

1986-இல் வந்த அந்தப் பாட்டின் முக்கிய ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் வரியை, அந்தக் குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் மேலிருந்து கீழாக மட்டுமே அடித்து வாசிக்கிறார். தாளம் காட்டும் மெட்ரோனோம் கணக்கில் நிமிடத்துக்கு 210 தட்டுக்கும் மேல்; தட்டுக்கு இரண்டு அடி, அதாவது நொடிக்கு ஏழு அடி. முழங்கையிலிருந்து அடித்தால் யாருக்கும் கை இறுகத்தான் செய்யும். மணிக்கட்டு மட்டும் அசையட்டும். கம்பியை அடிக்கும் சின்னத் தகடான பிக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். அதன் நுனி கம்பியைக் கடந்ததும் நிற்க வேண்டும். 120-இல் தொடங்கி, கை தளர்வாக இருந்தால் மட்டும் நான்கு நான்காக ஏற்றுங்கள். வலித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். டிஸ்டார்ஷன் என்கிற அந்தக் கரகரப்பையும் பாதியாகக் குறையுங்கள், அது உங்கள் தப்புகளை மூடி மறைக்கிறது.

இனி அந்த ஹெட்போனுக்கு வருகிறேன். ஆம்ப் என்கிற ஒலிபெருக்கியின் சத்தம்தான் அதற்குள் அடங்கும். கம்பியில் பிக் படுகிற 'டிக் டிக்' வெளியே கேட்கும், ராத்திரியில் இன்னும் நன்றாகக் கேட்கும். அந்தப் பாட்டை வாசித்தவருக்கு அந்தத் தாளம் ஒன்றே போதும். எந்தப் பாட்டு, எந்த இடத்தில் தடுக்குகிறீர்கள், எல்லாம் தெரிந்திருக்கும். மகன் தனக்குத் தெரியாமல் வாசிக்கிறான் என்பதும் தெரிந்திருக்கும்.

வருத்தப்படுவார் என்று யார் சொன்னது? அவரிடம் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர் முகத்தைப் பார்க்க உங்களுக்குத்தான் தைரியம் வரவில்லை, அதற்கு அவர் மனசைக் காரணம் காட்டுகிறீர்கள். வேளாவேளைக்கு மருந்து கொடுத்துவிட்டால் பெற்றவருக்குச் செய்ய வேண்டியது முடிந்தது என்று நினைக்கிற பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எனக்கு அதில் சம்மதமே இல்லை. அவருக்குத் தெரிந்த வித்தையை அவரிடம் போய்க் கேட்பதும் பிள்ளையின் கடமைதான்.

அதுவும் நீங்கள் கேட்டிருப்பது முழுக்க வலது கை சமாச்சாரம்! அவருக்குப் போனது கம்பியை அழுத்துகிற இடது கை. பிளாக் சாபத் இசைக்குழுவின் கிடார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். அவர் இடக்கைக்காரர் என்பதால், கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே அவை. பிளாஸ்டிக்கை உருக்கி உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். உங்கள் அப்பாவின் நிலை வேறு. அந்தக் கை திரும்பிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிற கையைக் கேளுங்கள் என்கிறேன்.

நாளைக்கே ஆம்பை அவர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கம்பியை அழுத்துங்கள், அவர் பிக் பிடித்து அடிக்கட்டும். மணிக்கட்டை எப்படி வைக்கிறார் என்று கவனியுங்கள். அவர் கண் கலங்கினால் பதறி எழுந்து வந்துவிடாதீர்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஆனால் அதை அவர் வாயால் சொல்லட்டும்.